பட்டாளத்துக்குப் போன கவுன்சிலரும் அவருடைய நாற்காலியும்

2025 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் எஸ்.பி. 707 என்று ஒரு சட்டம் கையெழுத்தானது. உள்ளாட்சிக் கூட்டங்களை எப்படி நடத்தணும் என்பதைப் பற்றிய சட்டம். நீளமோ நீளம், தூக்கம் வராதவர்களுக்குச் சிபாரிசு செய்யலாம். அதன் நடுவில் யாரும் அதிகம் கண்டுகொள்ளாத ஒரு ஷரத்து இருக்கிறது. நகர சபை உறுப்பினர் ஒருவர் நேஷனல் கார்டிலோ ரிசர்வ் படையிலோ இருந்து, எழுத்து மூலமான உத்தரவின் பேரில் பணிக்குப் போய், ஊர் எல்லையிலிருந்து 50 மைலுக்கு அப்பால் இருக்க வேண்டி வந்தால், அவர் வீடியோ மூலமாகக் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். ஓட்டும் போடலாம். அதே 2025ல் இல்லினாய்ஸ் மாநிலமும் தன் கூட்டச் சட்டத்தில் படைப்பணியை ஒரு காரணமாகச் சேர்த்தது. அங்கே 2007லேயே தொலைவிலிருந்து கலந்துகொள்ள வழி செய்திருந்தார்கள். ஆனால் உடல்நலக் குறைவு, வேலை, குடும்ப அவசரம் என்று எழுதினார்களே ஒழிய பட்டாளம் என்ற வார்த்தை அதில் இல்லை.

நல்ல விஷயம்தானே, இதுல கருத்து சொல்ல என்ன இருக்கு என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. இந்த மாதிரி சட்டம் வரும்போதெல்லாம் "நாட்டுக்காக உழைக்கும் வீரருக்கு நாம் செய்யும் மரியாதை" என்றுதான் பேசுகிறார்கள். எனக்கு அது தப்பான வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைகிற மாதிரி தெரிகிறது.

முதலில் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். பட்டாளத்தில் இருக்கிறவன் எப்படி கவுன்சிலர் ஆனான்? இந்தியாவில் பணியில் இருக்கும் சிப்பாய் வேட்பு மனுவே போட முடியாது. அமெரிக்காவில் நேஷனல் கார்ட், ரிசர்வ் என்று இரண்டு பகுதி நேரப் படைகள் உண்டு. மாசத்துக்கு ஒரு சனி ஞாயிறு, வருஷத்துக்கு இரண்டு வாரம் பயிற்சி. மீதி நாளெல்லாம் அவர் வாத்தியார், பிளம்பர், வக்கீல், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். கார்டின் பூர்வீகம் 1636ல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் ஆரம்பித்த ஊர்ப்படை. அந்த ஊர்களில் வயல்காரனேதான் துப்பாக்கியையும் தூக்கினான். இன்றைக்கும் சின்ன ஊர்களில் கவுன்சிலர் வேலை என்பது பகுதி நேர வேலை, சம்பளம் பெட்ரோலுக்குக் காணாது. அதனால் ஒரே ஆள் இரண்டையும் செய்வது அங்கே சகஜம். சிக்கல் எப்போது வருகிறது என்றால், வெள்ளம், காட்டுத்தீ, வெளிநாட்டுச் சண்டை என்று ஏதாவது ஒன்றுக்குக் கூப்பிட்டு அனுப்பும்போது.

ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரிடம் இதைச் சொன்னேன். சிக்னல்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்துவிட்டார்.

"என்ன மாப்ளை சொல்றீங்க, டூட்டியில இருக்கும்போது ஊர்க் கூட்டத்துல பேசுறதா? எங்க சி.ஓ. கிட்ட போய் 'சார், எங்க ஊர்ல சாக்கடைக்கு டெண்டர் விடுறாங்க, ஒரு மணி நேரம் போன்ல பேசிட்டு வரேன்'னு சொன்னா, அந்தச் சாக்கடையையே என்னைய வெட்டச் சொல்லியிருப்பாரு."

"இங்க சட்டமே விடுது மாமா."

"சட்டம் விடும் மாப்ளை. சிப்பாயோட நேரம் சிப்பாய் கையில இருக்காதே."

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் சட்டம் எழுதுகிறவர்கள் யோசிக்கணும். கொஞ்சம் கழித்து அதற்கு வருகிறேன்.

ஒரு ஆள் இல்லாததால் சபையில் என்ன குடி முழுகிப் போகிறது? இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. கலிஃபோர்னியாவில் பெரும்பாலான சின்ன நகரங்களில் சபை என்றால் ஐந்து பேர். மாநிலப் பொதுச் சட்டப்படி நடக்கும் நகரங்களில் ஒரு தீர்மானமோ, ஊர்ச் சட்டமோ, பணம் கொடுக்கும் உத்தரவோ நிறைவேற, வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் என்பது போதாது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும். அதாவது எத்தனை பேர் வந்தாலும் மூன்று ஓட்டு. ஒரு நாற்காலி காலியாக இருந்தால் அது நடுநிலை வகிக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் "வேண்டாம்" என்று ஓட்டுப் போடுகிறது! இரண்டுக்கு இரண்டு என்று நின்றால் தீர்மானம் தோற்றது தோற்றதுதான். அவசரச் சட்டத்துக்கு இன்னும் மோசம், ஐந்தில் நான்கு வேண்டும். ஒருவர் பட்டாளத்துக்குப் போயிருந்தால் மீதி நால்வரில் யாராவது ஒருத்தர் முகத்தைத் திருப்பினாலே முடிந்தது கதை. இதெல்லாம் வார்டு பிரித்துத் தேர்தல் நடத்தும் ஊரில் நடந்தால், ஊரில் ஐந்தில் ஒரு பங்கு ஜனத்துக்கு அந்த மாசங்களில் சபையில் வாயே கிடையாது. வரி மட்டும் தள்ளுபடி இல்லாமல் கட்டணும்.

இன்னொரு கொக்கி: அதே மாநிலத்தில் கவுன்சிலர் அனுமதி வாங்காமல் தொடர்ந்து 60 நாள் எந்த வழக்கமான கூட்டத்துக்கும் வராவிட்டால் பதவி காலி என்று ஒரு பொது விதி. அனுமதி கொடுக்கிறது யாரு? அதே சபைதான். அடித்துக்கொள்கிற சபை என்றால் அது அனுமதி கொடுக்கிற லட்சணத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மேயர்கள் போன கதைகள் பிரபலமானவை. இண்டியானாவில் சவுத் பெண்ட் நகர மேயராக இருந்த பீட் புட்டிஜெஜ் (அந்தப் பெயரை எழுதுவதற்குள் நாக்கு சுளுக்கிக்கொண்டது) 2014ல் கடற்படை ரிசர்வ் அதிகாரியாக ஆப்கானிஸ்தான் போய் ஏழு மாதம் போல இருந்தார். ஊரை ஒரு துணை மேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். யூட்டா மாநிலத்தில் நார்த் ஆக்டன் என்ற சின்ன ஊரின் மேயர் பிரெண்ட் டெய்லர், நேஷனல் கார்டில் மேஜர், ஏழு குழந்தைகளின் அப்பா. 2018 ஜனவரியில் ஒரு வருஷ விடுப்பு எடுத்துக்கொண்டு காபூலுக்குப் போனார். பொறுப்பு மேயர் ஒருவரை நியமித்துவிட்டுத்தான் போனார். 2018 நவம்பர் 3ம் தேதி, பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஆப்கன் படைக்குள்ளிருந்தே ஒருவன் சுட்டதில் செத்துப்போனார். அந்த ஊர்க்காரர்களுக்கு வந்தது தங்கள் மேயரின் உடல்.

அந்த மரணத்தை நினைத்தால் மனசு கனக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நிர்வாகக் கணக்கில் பார்த்தால் அந்த ஊர் அந்தப் பத்து மாதமும் அநாதையாக இல்லை. மேயர் வேலை கையெழுத்துப் போடும் வேலை. இன்னொருத்தர் உட்கார்ந்து செய்யலாம். கவுன்சிலர் வேலை அப்படி இல்லை. அவருக்குத் துணைக் கவுன்சிலர் என்று யாரும் கிடையாது. தன் ஓட்டை இன்னொருத்தர் கையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவும் முடியாது. ஆகவே இந்தச் சட்டங்களின் உண்மையான பயனாளி மேயர் இல்லை, மூலையில் உட்கார்ந்திருக்கும் சாதாரண உறுப்பினரும் அவரைத் தேர்ந்தெடுத்த தெருக்காரர்களும்தான்.

முன்பு ஏன் இதைச் செய்யவில்லை என்றால், தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. சந்தேகம். கலிஃபோர்னியாவின் திறந்த கூட்டச் சட்டம் (பிரௌன் சட்டம் என்பார்கள், 1953ல் வந்தது) ரகசியக் கூடிப்பேசல்களைத் தடுக்க வந்தது. அதில் தொலைபேசிக் கூட்டத்துக்கு வைத்த பழைய நிபந்தனை: எங்கிருந்து பேசுகிறீர்களோ அந்த முகவரியை நிகழ்ச்சி நிரலில் போடணும், அந்த இடத்துக்குப் பொதுமக்கள் யாரும் வந்து உட்காரலாம் என்று இருக்கணும். ஹோட்டல் அறையில் இருக்கும் கவுன்சிலருக்கே இது தர்மசங்கடம். காந்தஹாரில் கூடாரத்தில் இருக்கிறவர் என்ன செய்வார்? "மூன்றாவது கூடாரம், முள்வேலிக்கு இடப்பக்கம், பொதுமக்கள் வரவேற்கப்படுகிறார்கள்" என்று போடுவாரா? :-)

கொரோனா வந்து 2020ல் எல்லாச் சபையும் ஜூமில் உட்கார்ந்தபோது அந்தச் சந்தேகம் பாதி கரைந்துபோனது. "மைக்கை அணைங்க சார்" என்று கத்திக் கத்தியே பட்ஜெட் எல்லாம் பாஸ் பண்ணினார்கள். முடியாது என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

கொரோனாவுக்கு வெகு முன்னாலேயே நிதானமாக யோசித்த மாநிலம் மாசசூசெட்ஸ். 2011ல் அங்கே அட்டர்னி ஜெனரல் அலுவலகம் போட்ட விதிகளில் தொலைவிலிருந்து பங்கேற்க ஐந்து காரணம் கொடுத்திருந்தார்கள்: நோய், ஊனம், அவசரம், தூரம், அப்புறம் படைப்பணி. பின்னாளில் பட்டியலையே எடுத்துவிட்டு, நேரில் வருவது நியாயமற்ற அளவுக்குக் கஷ்டம் என்றால் போதும் என்று பொதுவாக்கிவிட்டார்கள். ஆனால் அன்று வைத்த காவல்கள்தான் எனக்குப் பிடித்தவை. ஊர் விரும்பினால்தான் அந்த முறை அமலுக்கு வரும். தலைவரும் கோரத்துக்குத் தேவையான ஆட்களும் நேரில் இருக்கணும். எல்லார் குரலும் எல்லாருக்கும் கேட்கணும். ஒருவர் தொலைவில் இருந்தாலே அன்றைக்கு எல்லா ஓட்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வாங்கணும். "ஏற்போர் ஆம் என்க" என்று கோரஸாகக் கத்தி முடித்துவிட முடியாது. மூடிய கதவுக் கூட்டம் என்றால், தன் பக்கத்தில் யாரும் இல்லை, யாருக்கும் கேட்காது என்று அவர் வாய்விட்டுச் சொல்லணும்.

அந்தக் கடைசி நிபந்தனையைப் பட்டாளத்துக்காரர் எப்படி நிறைவேற்றுவார்? கலிஃபோர்னியாவிலும் ஒரு விதி உண்டு, அறையில் 18 வயசுக்கு மேற்பட்ட யாராவது கூட இருந்தால் அவர்களுக்கும் தனக்கும் என்ன உறவு என்று சொல்லணும். வீட்டில் இருக்கிறவர் "என் மனைவி, என் மச்சான்" என்று சொல்லிவிடலாம். பாரக்ஸில் இருக்கிறவர் நாற்பது கட்டிலைக் காட்டி என்ன சொல்வது? அது போக, அமெரிக்க ராணுவக் கணினியைத் திறந்தாலே "இதில் நீங்கள் செய்வதைக் கண்காணிப்போம்" என்ற அறிவிப்பு வந்து நிற்கும். நகரத்தின் மீது போட்ட வழக்கில் எவ்வளவு கொடுத்துச் சமாதானம் ஆகலாம், எந்த நிலத்தை என்ன விலைக்கு வாங்கலாம் என்பதெல்லாம் பேசுகிற மூடிய கூட்டத்துக்கு அந்தக் கம்பி சரிப்படாது. என்னைக் கேட்டால் படைப்பணியில் இருக்கிறவர் திறந்த கூட்டத்தில் தாராளமாகப் பேசட்டும், ஓட்டுப் போடட்டும். மூடிய கூட்டத்தை விட்டுவிடட்டும். வார்டுக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். ஆனால் ஊர் ரகசியம் கூடாரத்துக்கு வெளியே போனால் அதைவிடப் பெரிய நஷ்டம்.

இப்போது மாமனார் சொன்னதற்கு வருவோம். சிப்பாயின் நேரம் அவன் கையில் இல்லை. இரண்டு வாரப் பயிற்சி, தீயணைப்புக்கு ஒரு மாசம் என்றால் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு திரையின் முன்னால் உட்கார்ந்துவிடலாம். ஒரு வருஷம் போர்முனை என்றால்? முந்தாநாள் ரோந்தில் ஆள் போயிருக்கும்போது, மூன்று மணி நேரம் நாய்ப் பூங்காவுக்கு வேலி போடுவதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க எவனால் முடியும்? கேட்டாலும் அறுபது பக்க அறிக்கையைப் படித்துவிட்டு வந்தாரா என்று யார் பார்ப்பது? பங்கேற்பு என்ற பெயரில் ஒரு தலையாட்டல்தான் மிஞ்சும். அதற்கு மரியாதை என்று பேர் வைத்தால் வார்டுக்காரன் ஏமாந்தான்.

அமெரிக்க ராணுவச் சட்டமே இதை உணர்ந்திருக்கிறது. 270 நாளுக்கு மேற்பட்ட உத்தரவில் கூப்பிடப்படும் ரிசர்வ் அதிகாரி, வேறு சட்டம் அனுமதித்தால் ஒழிய, மாநில, உள்ளாட்சிப் பதவியின் வேலைகளைச் செய்யக் கூடாது. ஆகவே ஊர்ச் சட்டம் எவ்வளவு கதவைத் திறந்தாலும் நீண்ட பணிக்குப் போகிறவருக்கு அந்தப் பக்கத்தில் தாழ்ப்பாள் உண்டு. இதைச் சொல்லாமல் "எங்கள் வீரர்கள் உலகின் எந்த மூலையிலிருந்தும் ஊருக்குச் சேவை செய்யலாம்" என்று பேசுவது மேடைப் பேச்சு.

நீண்ட பணிக்கு டெக்ஸாஸ் வழிதான் சரி என்பது என் கட்சி. 2003ல் அங்கே மக்கள் ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். படைப்பணிக்குப் போவதால் பதவி போகாது. 30 நாளுக்கு மேல் போகிறார் என்றால் தற்காலிகமாக ஒருவரை நியமிக்கலாம். யாரைப் போடலாம் என்று போகிறவர் சிபாரிசு செய்யலாம். வந்தவருக்கு முழு அதிகாரம் உண்டு. திரும்பி வந்தால் நாற்காலி பழையவருக்கே. மாநில சட்டசபை உறுப்பினர் ரிக் நொரியேகா ஆப்கானிஸ்தானில் இருந்த சமயம், 2005 கூட்டத்தொடரில் அவர் மனைவி மெலிசா அவர் இடத்தில் உட்கார்ந்தார். "குடும்ப அரசியல்!" என்று நமக்கு உடனே கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. ஆனால் அந்தம்மா அப்புறம் 2007ல் ஹூஸ்டன் நகர சபைக்குத் தானே நின்று ஜெயித்தார். சும்மா நாற்காலியைச் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ள வந்தவர் இல்லை. இருந்தாலும் நகர சபைகளில் மனைவி, மச்சான் வேண்டாம், அதே வார்டில் வசிக்கும் வேறு ஒருவரைப் போடுங்கள் என்பேன்.

ஆக, குறுகிய பணிக்குத் திரை, நீண்ட பணிக்கு மாற்று ஆள். கோட்டை எங்கே போடுவது? கலிஃபோர்னியாக்காரர்கள் தெரிந்தோ தெரியாமலோ ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். மாசம் இரண்டு தடவை கூடும் சபையில் ஒரு உறுப்பினர் இந்த மாதிரி காரணத்துக்காக வருஷத்துக்கு ஐந்து கூட்டம்தான் திரையில் வரலாம். மாசம் ஒரு தடவை கூடும் சபை என்றால் இரண்டே இரண்டு. மாதப் பயிற்சி சனி ஞாயிறில், சபைகள் கூடுவது வார நாள் சாயங்காலத்தில், அதனால் பெரும்பாலும் மோதாது. ஐந்து கூட்டம் என்றால் கிட்டத்தட்ட இரண்டரை மாசப் பணி. நியாயமான அளவு. இரண்டு என்பதுதான் கஞ்சத்தனம்.

இன்னொன்று, சீருடை. திரையில் காமோஃபிளாஜ் சட்டையோடு ஒருவர் தோன்றினால் எதிர்த்துப் பேச வந்தவருக்கு நாக்கு எழாது. குப்பை வரியைப் பற்றி அவரோடு சண்டை போடுவது நாட்டோடு சண்டை போடுவது மாதிரி ஆகிவிடும். அரசியல் காரியங்களில் சீருடை கூடாது என்று படை விதியே சொல்கிறது. சபையும் தன் பங்குக்கு, சாதாரணச் சட்டையில் வாருங்கள், பின்னால் கொடி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அதே மாதிரி படைத்தளத்தைச் சுற்றியுள்ள நிலம், சாலை பற்றிய ஓட்டில் அவர் ஒதுங்கிவிடணும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு 2025 ஜூனை ஞாபகப்படுத்துகிறேன். லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் சுமார் 4,000 கலிஃபோர்னியா நேஷனல் கார்ட் வீரர்களை, மாநில ஆளுநர் வேண்டாம் என்று சொல்லியும், மத்திய அரசு தன் உத்தரவில் இறக்கியது. அந்தப் படையில் பக்கத்து ஊர்க் கவுன்சிலர் ஒருவர் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய சபையில் "படையைத் திரும்பப் பெறு" என்று ஒரு தீர்மானம் வருகிறது. அவர் திரையில் வந்து எப்படி ஓட்டுப் போடுவார்? ஆம் என்றால் மேலதிகாரி முகத்தில் எப்படி விழிப்பது? வேண்டாம் என்றால் அது அவர் மனசா, உத்தரவா? நேரில் வந்து போட்டாலும் இதே சங்கடம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறவருக்கும் அதே மேலதிகாரியின் கூடாரத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. இந்த வகைத் தீர்மானங்களில் அவர் விலகி நிற்க வழி வேண்டும், அப்படி விலகினால் அது "வேண்டாம்" ஓட்டாக எண்ணப்படாமல் இருக்கவும் வழி வேண்டும். மூன்று ஓட்டுக் கணக்கை வைத்துக்கொண்டு இந்த இரண்டாவதைச் செய்வது லேசு இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எஸ்.பி. 707ன் 50 மைல் கணக்குப்படி அந்தக் கவுன்சிலருக்கு இந்தத் திரைச் சலுகையே கிடைக்காது. பாசடீனாக்காரர் லாஸ் ஏஞ்சலிஸ் நடுத்தெருவில் துப்பாக்கியோடு நின்றால் தூரம் பத்து மைல் போலத்தான். ஆனால் சி.ஓ. விடாவிட்டால் பத்து மைலும் பத்தாயிரம் மைலும் ஒன்றுதானே? உத்தரவு எழுத்தில் இருக்கணும் என்று சட்டமே கேட்கிறது. அந்தத் தாளில் கூட்ட நேரத்துக்கு விடுப்பு இல்லை என்று இருந்தால் போதும், மைல்கல்லை எண்ண வேண்டாம் என்று திருத்தலாம். அப்படித் திருத்தும்போது மாசம் ஒருமுறை கூடும் சபைகளின் அந்த இரண்டை மூன்றாகவோ நான்காகவோ ஆக்கிவிட்டால் இன்னும் நல்லது. சின்ன ஊர்களில்தான் ஒரு நாற்காலிக்குக் கனம் அதிகம்.